உழைப்பின் கதை – 9: 224 தறிகள், 29 பேர்

1918 மார்ச்சில் அகமதாபாத் மில் தொழிலாளர்களின் கூலிக்காகக் காந்தி உண்ணாவிரதம் இருந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். முதலாளிகள் பக்கம் அம்பாலால் சாராபாய். தொழிலாளர் பக்கம் அவருடைய அக்கா அனசூயா. அதே சாராபாய் குடும்பத்தின் காலிகோ மில்லுக்குள் இந்த வாரம் நுழைகிறோம். ஆண்டு 1953.

முந்தைய ஆண்டுதான் அங்கே தானியங்கித் தறிகளை இறக்கியிருந்தார்கள். ஆனால் பழைய தறிகளைக் காட்டிலும் உற்பத்தி கூடவில்லை. துணியில் விழும் சேதமும் குறையவில்லை. காரணம் தேடி, லண்டன் டாவிஸ்டாக் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஏ.கே. ரைஸ் தறிக்கூடத்தை உன்னிப்பாகக் கவனித்தார்.

224 தறிகளுக்கு 29 பேர். நெசவாளிகள் 8, தறியில் ஊடை நூல் தார்களை நிரப்புவோர் 5, கொத்தாக அறுந்த பாவு இழைகளை முடிவோர் 3. இவர்களோடு தறிகளைச் சீர்செய்யும் ஜாபர்கள், எண்ணெய் விடுபவர், கூட்டுபவர் என மொத்தம் 12 வகை வேலை. நெசவாளி ஒருவருக்கு 24 அல்லது 32 தறிகள். தார் நிரப்புபவருக்கு 40 அல்லது 50. பாவு முடிபவருக்கு 60 அல்லது 80. யாருடைய எல்லையும் இன்னொருவர் எல்லையோடு பொருந்தவில்லை.

பாவு அறுந்து ஒரு தறி நிற்கிறது. நெசவாளி ஆளைத் தேடுகிறார். அந்த ஆளோ வேறொரு நெசவாளியின் தறியில் குனிந்திருக்கிறார். அவர் வரும்வரை தறி சும்மா கிடக்கும். இரண்டு பேரும் முழுமூச்சாகத்தான் உழைக்கிறார்கள். ஆனாலும் உற்பத்தி விழுகிறது. இப்படிப்பட்ட இடத்தில் தொழிலாளியைச் சோம்பேறி என்பது பெரும் அநியாயம். வேலையைக் கூறுபோட்ட விதத்தில்தான் கோளாறு என்பது ரைஸின் முடிவு.

அவர் சொன்ன மாற்று எளிமையானது: 64 தறிகளை ஏழு பேர் கொண்ட ஒரே குழுவிடம் ஒப்படையுங்கள். அந்தத் தறிகளின் முழுப் பொறுப்பும் அவர்களுடையது.

யோசனை மேற்பார்வையாளர்களிடம் போனது. அவர்கள் வழியே தொழிலாளர் காதுக்கும் எட்டியது. அதன்பின் நடந்ததை யாருமே எதிர்பார்க்கவில்லை. நிர்வாகம் திட்டம் தீட்டி முடிப்பதற்குள், யார் யாரோடு சேர்வது என்று தொழிலாளர்களே பேசி முடிவுசெய்து, குழுக்களோடு வந்து நின்றார்கள்!

தறிகள் ஓடத் தொடங்கின. வேகமும் சேதமும் நாள்தோறும் கணக்கில் ஏறின. இனி ஒருவர் தடுமாறினால் மற்ற ஆறு பேர் கைகொடுப்பார்களா, கைவிடுவார்களா? இத்தனை காலம் தனித்தனியாக வாங்கிய கூலியை இனி எப்படிக் கணக்கிடுவது? கணக்குப் புத்தகம் சொன்ன பதில் அடுத்த வாரம்.

(தொடரும்)