சந்தர்ப்பத் தொற்று

பெயர்ச்சொல். நலமுள்ளவரைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, எதிர்ப்பாற்றல் குறைந்தவரைத் தாக்கும் கிருமியால் வரும் நோய்.

பிறப்பு: ‘சந்தர்ப்பம்’ வடசொல்; அங்கே ‘கோத்தல், தொடுத்தல்’ என்று பொருள். தமிழில் ‘வாய்ப்பு’ ஆயிற்று. ‘தொற்று’ என்பது பற்றிக்கொள்வதைக் குறிக்கும் தமிழ் வினையடி.

விளக்கம்: விப்ரியோ வல்னிஃபிகஸ் நல்ல எடுத்துக்காட்டு. ‘வல்னிஃபிகஸ்’ என்றால் லத்தீனில் ‘புண் உண்டாக்குவது’. வெதுவெதுப்பான உவர்நீரில் வாழும் பாக்டீரியா இது. மரக்காணம் உப்பளப் பாத்திகளில் நீர் வற்றி உப்பு ஏறஏற இதனால் பெருக முடியாது. அருகிலுள்ள கழுவெளி ஏரி போல, கடல்நீரும் நன்னீரும் கலக்கும் இடங்களே இதற்கு ஏற்றவை. கால் வெடிப்பு, சிராய்ப்பு வழியே உடலுக்குள் நுழையும். கல்லீரல் நோயோ சர்க்கரை நோயோ உள்ளவருக்கு ஓரிரு நாளில் உயிராபத்தாகலாம். காயத்தோடு உவர்நீரில் இறங்க வேண்டாம். புண் சிவந்து வீங்கினால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.