லாமஸ்: ஆட்டுக்குட்டியா, அப்பமா?

ஆகஸ்ட் முதல் நாள் ஆங்கிலேய நாட்டுப்புறம் கொண்டாடிய அறுவடைத் திருநாள் லாமஸ். இதற்குப் பொருள் சொல்ல வருகிறவர்களில் பலர், ‘லாம்’ என்ற ஒலி காதில் விழுந்ததும் ஆட்டுக்குட்டியைத் தேடிப் புறப்பட்டுவிடுகிறார்கள். யார்க் பேராலயம் புனித பேதுருவுக்கு உரியது. அன்று பேதுருவின் சங்கிலித் திருநாள். பேராலயத்து நிலத்தை உழுதவர்கள் உயிருள்ள குட்டியொன்றைப் பூசைக்குக் கொண்டுவந்தார்களாம். எனவே அது ‘லாம்ப்-மாஸ்’, குட்டிப்பூசையாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

பழைய ஆங்கில ஏடுகளில் இச்சொல்லின் வடிவம் ‘ஹ்லாஃப்மாஸ’. முதலில் நிற்கும் ஹகரமே வழக்கைத் தீர்த்துவிடுகிறது. குட்டிக்கு அன்றும் ‘லாம்ப்’ என்றே பெயர். அதன் முன் ஹகரம் நின்றதில்லை. ‘ஹ்லாஃப்’ என்பது அப்பம், இன்றைய ‘லோஃப்’. ஹகரம் உதிர்ந்து, நெடில் குறுகி, ஃபகரம் அடுத்த மகரத்தில் கரைந்தது. புணர்ச்சி படித்த நமக்கு இதில் வியப்பில்லை. அயர்லாந்தின் லூ தெய்வத்தை இழுத்துவந்து ‘லூ-மாஸ்’ என்போருக்கும் இதே ஹகரம்தான் பதில். லூனசா விழாவும் அதே நாளில் வருகிறது, உண்மை. நாள் ஒன்றானால் சொல்லும் ஒன்றாகிவிடுமா?

அப்பத்துக்கு வேறு சான்றும் உண்டு. எலியிடமிருந்து தானியத்தைக் காக்கும் 11ஆம் நூற்றாண்டு மந்திரமொன்று, லாமஸ் நாளில் மந்திரித்த அப்பத்தில் நான்கு துண்டு எடுத்துக் களஞ்சியத்தின் நான்கு மூலையிலும் உதிர்க்கச் சொல்கிறது. புதுக் கோதுமையில் சுட்ட முதல் அப்பம் கோயிலுக்குப் போய்க் களஞ்சியத்துக்குத் திரும்பியிருக்கிறது. இதில் குட்டிக்கு என்ன வேலை?

இந்த ‘ஹ்லாஃப்’ ஆங்கிலச் சமுதாயத்தையே தாங்கிய சொல். ‘லார்ட்’ என்பது ‘ஹ்லாஃப்வெயார்ட்’, அப்பத்தைக் காப்பவன். ‘லேடி’ என்பது ‘ஹ்லாஃப்டீஜ’, மாவு பிசைபவள். அண்டிப் பிழைப்பவன் ‘ஹ்லாஃபாட்ட’, அப்பம் தின்பவன். கெண்ட் அரசன் ஏதல்பெர்ட்டின் சட்டத்திலேயே இவன் இருக்கிறான். ஆண்டவனைப் ‘படியளப்பவன்’ என்னும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

விழா தேய்ந்தாலும் பெயர் நிலத்தில் தங்கியது. வைக்கோற்புல் அறுத்ததும் ஊர் மாடுகளுக்குத் திறந்துவிடும் புல்வெளி ‘லாமஸ் நிலம்’. 1752இல் நாட்காட்டி 11 நாள் தாவியபின்னும் பல ஊர்கள் பழைய லாமஸ் கணக்கிலேயே மாட்டை இறக்கின. ‘பிந்திய லாமஸ்’ என்றால் ஒருநாளும் வராத நாள். கடனைத் திருப்ப மனமில்லாதவன் சொல்லும் தவணை. 1843இல் கார்ன்வால் மார்வென்ஸ்டோவின் குரு ஹாக்கர், புதுத் தானிய அப்பத்தோடு அறுவடை வழிபாட்டை மீட்டபோது அவர் நினைவில் நின்றதும் இந்த லாமஸ்தான். அவர் பலிபீடத்துக்குக் கேட்டது அப்பம், குட்டியல்ல. யார்க் கதை, சொல் பிறந்து நெடுங்காலம் கழித்து அதற்குத் தைத்த சட்டை என்பதே என் துணிபு.