ஜெயித்தவர் எங்கே உட்கார்ந்தார்?

ஊரூர் ஒல்காட் குப்பத்தில் ஞாயிறு மாலைகளில் கல்லூரி மாணவர்கள் சிலரோடு உட்கார்ந்து பேசுவது என் வழக்கம். வலை காயும் மணல்தான் வகுப்பறை. போன வாரம் 1996 உள்ளாட்சித் தேர்தலைப் பற்றிப் பேசினோம். 'பஞ்சாயத்து' என்றால் குப்பத்துப் பிள்ளைகளுக்கு நினைவுக்கு வருவது ஊர்ப் பெரியவர்கள் கூடித் தகராறு தீர்ப்பது. ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் பஞ்சாயத்து நகரத்தில் வளர்ந்தவர்களுக்குப் பாடப்புத்தகச் சங்கதி. பாப்பாபட்டி கதையைச் சொல்லி முடித்ததும் ஒரு தங்கை கேட்டாள்: "அக்கா, தோத்தவன் ரிசல்ட்டை ஒத்துக்கலைன்னா கோர்ட்டுக்குப் போவான். ஜெயிச்சவனையே ராஜினாமா பண்ண வெச்சா யாரு போவா?"

ஒரு வாரமாக அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

உள்ளாட்சித் தேர்தல் முடிவு தவறு என்று நினைப்பவர் மாவட்ட நீதிமன்றத்தில் தேர்தல் மனு போடலாம். கள்ள ஓட்டு, எண்ணிக்கையில் குளறுபடி, தகுதியில்லாத வேட்பாளர் எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது. 2006 அக்டோபரில் நம் சென்னை மாநகராட்சித் தேர்தலில் வாக்குச்சாவடிகளைக் கைப்பற்றியதாகப் பெரும் புகார் எழுந்தது. வழக்கு உயர் நீதிமன்றம் போனது, நீதிபதிகள் மாறுபட்டுத் தீர்ப்பளித்தார்கள், ஆளுங்கட்சிக் கூட்டணிக் கவுன்சிலர்கள் கூட்டமாக ராஜினாமா செய்தார்கள், 2007 பிப்ரவரியில் அந்த வார்டுகளில் மறுபடியும் தேர்தல். நான்கே மாதம்.

உசிலம்பட்டிப் பக்கம் அதே பிரச்சினைக்குப் பத்து ஆண்டுகள் ஆயின.

1996இல் மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. ஆதிக்கச் சாதியினர் ஏற்கவில்லை. முதலில் யாரையும் மனுப் போட விடவில்லை. சேரி மக்களுக்குக் கூலி வேலை கொடுப்பவர்களும் அவர்களே. மனுப் போட்டவன் வீட்டு அடுப்பு மறுநாள் எரியாது. பிறகு உத்தி மாறியது. தங்கள் சொல் கேட்கும் ஒரு தலித்தை அவர்களே நிறுத்துவார்கள், அவர் ஜெயிப்பார், பதவியேற்ற கையோடு ராஜினாமா கடிதம் போகும். பதவி மறுபடி காலி. மறுபடி தேர்தல் அறிவிப்பு, மறுபடி ராஜினாமா.

காகிதத்தில் பார்த்தால் இங்கே ஒரு தவறும் இல்லை. மனு சரி, ஓட்டு சரி, எண்ணிக்கை சரி, ராஜினாமா 'சொந்த விருப்பம்'. எந்த முடிவை எதிர்த்து யார் தேர்தல் மனு போடுவது? சென்னையிலும் ராஜினாமாதான் செய்தார்கள். அது திரும்பவும் போட்டியிட. இங்கே அந்த நாற்காலியில் யாருமே உட்காரக் கூடாது என்பதற்காக.

இதே இழையை நான் ஈரானில் பார்த்தேன். அங்கே யஸ்த் நகரில் செபந்தா நிக்நாம் என்ற ஜொராஸ்திரியர் 2013இல் நகர மன்றத்துக்குத் தேர்வானார். 2017இல் மறுபடி ஜெயித்தார். தோற்ற ஒருவர் புகார் கொடுத்தார். ஓட்டு எண்ணிக்கை மீதல்ல, முஸ்லிம்கள் பெரும்பான்மையாக இருக்கும் ஊரில் முஸ்லிம் அல்லாதவர் உறுப்பினராகலாமா என்பதே புகார். நிக்நாமை இடைநீக்கம் செய்தார்கள். 2018 ஜூலையில்தான் இருக்கை திரும்பக் கிடைத்தது. அங்கே தடையை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள், அதனால் எதிர்த்து வாதாட ஒரு காகிதமாவது இருந்தது. நம் ஊர்க் கட்டுப்பாட்டுக்குக் காகிதமே கிடையாது.

மேலவளவு இன்னொரு விதம். மேலூர் வட்டத்து ஊர். 1996 அக்டோபரில் மனுப் போட்டவர்கள் மிரட்டலுக்குப் பயந்து திரும்பப் பெற்றார்கள். டிசம்பரில் நடந்த வாக்குப்பதிவில் வாக்குப்பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். டிசம்பர் 31 அன்று போலீஸ் காவலோடு மறுதேர்தல் நடந்தது, முருகேசன் ஜெயித்தார். ராஜினாமா செய்யவில்லை. ஊராட்சி அலுவலகத்துக்குள் அவரை நுழைய விடவில்லை, ஆனாலும் வேலையை விடவில்லை. 1997 ஜூன் 30 அன்று மதுரை ஆட்சியர் அலுவலகம் போய்விட்டுத் திரும்பும் வழியில், பேருந்தை மறித்து, பட்டப்பகலில், அவரையும் துணைத் தலைவர் மூக்கன் உள்ளிட்ட ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். முருகேசனின் தலையைத் துண்டித்து எடுத்துக்கொண்டு போனார்கள். 2001இல் சேலம் நீதிமன்றம் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. உச்ச நீதிமன்றம் வரை அது நின்றது. 2008இல் மூன்று பேர், 2019இல் 13 பேர், தலைவர்களின் நூற்றாண்டைக் காரணம் காட்டித் தண்டனைக் காலம் முடியும் முன்பே வெளியே வந்தார்கள். ஆறு உயிரும் ஒரு தேர்தல் முடிவுக்காகப் போனவை என்பதை விடுதலை ஆணையில் கையெழுத்திட்டவர்கள் மறந்திருக்க முடியாது.

2006இல் மாவட்ட நிர்வாகம் ஊர் ஊராகப் பேசியது. அப்போதைய மதுரை ஆட்சியர் உதயச்சந்திரன் நேரடியாக இறங்கி வேலை செய்தார். அக்டோபரில் நான்கு ஊர்களிலும் தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியில் நிலைத்தார்கள். நவம்பரில் சென்னையில் முதல்வர் கருணாநிதி 'சமத்துவப் பெருவிழா' நடத்தினார். அது சிறிய காரியம் இல்லை. அரசு நினைத்தால் முடியும் என்பதற்குச் சாட்சி அது. அதற்கு முந்தைய பத்து ஆண்டுகள் நினைக்கவில்லை என்பதற்கும் அதுவே சாட்சி.

ஆனால் அதே நவம்பரில், சங்கரன்கோவில் பக்கம் நக்கலமுத்தன்பட்டியின் தலைவர் ஜக்கையன் கொல்லப்பட்டார். அருந்ததியர். பொம்மைத் தலைவராக இருக்க மறுத்தவர். தோழர்கள் இந்த இடத்தில் ஒரு விவரத்தைக் கவனிக்க வேண்டும்: தலைவரை ஊரே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறது, துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊராட்சிக் காசோலையில் இருவர் கையெழுத்தும் வேண்டும். தனித் தொகுதியில் தலைவர் தலித், உறுப்பினர்களில் பெரும்பான்மை ஆதிக்கச் சாதி என்றால் துணைத் தலைவர் யார் ஆளாக இருப்பார், யாருடைய பேனா நகர்ந்தால்தான் தெருவிளக்கு எரியும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பெண் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படம் வெளிவந்தது. அங்கே தேர்தல் முடிவை யாரும் மறுக்கவில்லை. நாற்காலியைத்தான் மறுத்தார்கள்.

தங்கையின் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. கட்டாய ராஜினாமாவுக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது என்று சொன்னேன். பட்டியல் சாதி உறுப்பினரையோ தலைவரையோ கடமை செய்ய விடாமல் மிரட்டித் தடுப்பதை 2015 திருத்தம் குற்றமாக்கியது. "புகார் அவரே கொடுக்கணுமா அக்கா?" என்றாள் உடனே. யாரிடம் கூலிக்குப் போகிறாரோ அவர் மேலேயா என்பதுதான் அதன் பொருள்.

ஜூன் 30 அன்று மேலவளவு போகிறோம். மாணவர்கள் வேன் பேசியிருக்கிறார்கள், நான்கு இடம் காலியாக இருக்கிறது.