பனிக்கட்டிக் கிடங்கு குடியிருப்பான வரலாறு

ஓசூருக்கும் சென்னைக் கடற்கரைக்கும் இடையே சாலைவழியாக ஏறத்தாழ 300 கிலோமீட்டர். ஆயினும் வஞ்சிரமும் சங்கராவும் கெடாமல் நம் ஊருக்கு வந்து சேருகின்றன. மீனுக்கு மேலும் கீழும் பரப்பிய பனிக்கட்டித் தூளே அதற்குக் காரணம். இப்பனிக்கட்டி ஒரு காலத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்ததென்றால் நம்பக் கடினமாக இருக்கும்.

பாஸ்டன் நகர வணிகர் பிரடெரிக் டியூடர் குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளை அறுத்து, அக்கட்டிகளை வெப்பநாடுகளுக்கு விற்றார். 1833இல் அவருடைய பனிக்கட்டி முதன்முதலாகக் கல்கத்தாவை அடைந்தது. புறப்பட்டபோது சுமார் 180 டன். நான்கு மாதப் பயணத்துக்குப் பின்னும் 100 டன் அளவு எஞ்சியிருந்தது! இது எப்படி இயன்றது?

ஒரு கிராம் பனிக்கட்டி உருகுவதற்கு 80 கலோரி வெப்பம் வேண்டும். அதே வெப்பம் ஒரு கிராம் நீரைச் சுழியிலிருந்து 80 டிகிரி வரை சூடேற்றப் போதுமானது. இந்த உள்ளுறை வெப்பமே டியூடரின் முதல். கட்டிகளை நெருக்கி ஒரே குவியலாக அடுக்கினால் வேறொரு நன்மையும் உண்டு. குவியலின் நீள, அகல, உயரங்களை இருமடங்காக்கினால் பருமன் எட்டு மடங்காகும். வெப்பம் நுழையும் புறப்பரப்போ நான்கு மடங்குதான். சுற்றிலும் கொட்டிய மரத்தூளில் சிறைப்பட்ட காற்று வெப்பத்தைத் தடுத்தது.

சென்னையில் இதற்கென 1842இல் கடலோரமாக ஒரு கிடங்கு எழுந்தது. அந்நாளில் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, மசூலா படகுகளே அலைகளைக் கடந்து சரக்கைக் கரைசேர்த்தன. கடலும் இன்றைவிட அருகில் இருந்தது. பின்னர் துறைமுகச் சுவர் மணலோட்டத்தை மறித்ததால், தெற்கே மணல் சேர்ந்து இன்றைய அகன்ற மெரினா உருவாயிற்று. இத்தனை பாடுபட்டு வந்த பனிக்கட்டி வெள்ளையரின் பானங்களைக் குளிர்விக்கவே பெரிதும் பயன்பட்டது. அதே கரையில் மீன் பிடித்தவர்களுக்கு உப்பும் வெயிலும்தாம் துணை.

1870களில் நீராவி எந்திரத்தால் உள்நாட்டிலேயே பனிக்கட்டி செய்யத் தொடங்கியதும் டியூடரின் வணிகம் நொடித்தது. வெறுமையான கிடங்கை வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் வாங்கினார். குடும்பத்தோடு குடியேறுவதற்கு அதைவிடப் பொருத்தமற்ற கட்டடம் அரிது. பனிக்கட்டியைக் காக்க வெளிக்காற்று புகக்கூடாது. மனிதன் வாழவோ அதுவே வேண்டும். ஆகவே அவர் பல சாளரங்களைத் திறந்தார். வட்டத் தாழ்வாரங்களை எழுப்பினார். நீதிபதி கெர்னனின் நினைவாக 'கெர்னன் கோட்டை' எனப் பெயரிட்டார். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது எளிதாக இருந்திருக்கலாம். கல்கத்தா, பம்பாய்க் கிடங்குகள் மறைந்துபோக, இது ஒன்று நிலைத்ததற்கு அம்மனிதரின் பிடிவாதத்துக்கும் பங்குண்டு என்பது என் கருத்து.

1897 பிப்ரவரியில் விவேகானந்தர் இங்கு ஒன்பது நாள் தங்கினார். பின்னர் சுவாமி இராமகிருஷ்ணானந்தர் இவ்வில்லத்திலேயே மடத்தை நடத்தினார். ஆனால் ஐயங்காரின் மறைவுக்குப்பின் 1906இல் வீடு ஏலத்துக்கு வந்து கைமாறிற்று. 1917இல் அரசு இதைப் பெற்றது. சகோதரி சுப்பலட்சுமி நடத்திய இளம் விதவையர் விடுதி இங்கு இயங்கியது. 1963இல் 'விவேகானந்தர் இல்லம்' எனப் பெயர் மாறியது. 1997இல் இராமகிருஷ்ண மடத்துக்குக் குத்தகையாயிற்று. சுற்றுப்புறத்தை மட்டும் சென்னை மக்கள் இன்றும் 'ஐஸ் ஹவுஸ்' என்றே அழைக்கிறார்கள்.