அச்சுக்கார வண்டும் அதன் அயலாரும்

ஐந்து மில்லிமீட்டர் நீளமேயுள்ள ஒரு கபில நிற வண்டு ஸ்ப்ரூஸ் மரத்தின் பட்டையைத் துளைத்து உட்புகுந்து, மரத்தின் நெடுக்கே தாய்ச் சுரங்கம் ஒன்றைக் குடைய, அதன் இருமருங்கிலும் இடப்பட்ட முட்டைகளினின்று வெளிப்போந்த புழுக்கள் குறுக்கே கிளைவழிகளை அரித்துச் செல்ல, உரித்தெடுத்த பட்டையின் உட்புறம் அச்சுக் கோத்த பக்கம் போலக் காட்சியளிக்கின்றது. ஸ்வீடன் தேசத்து இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758-இல் இவ்வண்டுக்குச் சூட்டிய லத்தீன் நாமத்துக்கு அச்சுக்காரன் என்பதே பொருள். ஜெர்மானியரும் அதனைப் புத்தகம் அச்சிடுபவன் என்றே அழைக்கின்றனர்.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஹார்ஸ் மலைச் சரிவுகளில் இவ்வண்டு பெருகிக் காடுகள் பட்டுப்போனபோது, சுரங்கத்துக்கு முட்டுமரமும் உலைக்களத்துக்குக் கரியும் அக்காடுகளிலிருந்தே பெற்றுவந்த ஜனங்கள் பெரிதும் கலங்கினர். அந்நோயைப் 'புழு உலர்ச்சி' என வழங்கினர். கோட்டிங்கன் சர்வகலாசாலைப் பேராசிரியர் க்மெலின் 1787-இல் அதனைக் குறித்துத் தனி நூலே இயற்றினார். வசந்த காலத்தில் சில மரங்களை வெட்டிக் கிடத்தி, வண்டுகள் அவற்றில் குடியேறிய பின், குஞ்சுகள் சிறகு முற்றிப் பறக்குமுன் பட்டையை உரித்துக் கொளுத்துவதே வனக்காவலர் கைக்கொண்ட உபாயம். வண்டு மடிந்தது மெய். ஆயினும், அவ்வண்டையே வேட்டையாடி உண்ணும் எறும்புருவ வண்டும், அதன் புழுக்களில் முட்டையிடும் நுண்ணிய குளவிகளும் அப்பட்டைக்குள்தான் வாசம் செய்தன. அந்நெருப்பில் பகைவனோடு துணைவரும் வெந்தனர்.

1970-இல் ஜெர்மனியின் முதலாவது தேசியப் பூங்காவாகப் பவேரியக் காடு ஸ்தாபிதமாயிற்று. 1983-இல் பெரும்புயல் அங்கே மரங்களைச் சாய்த்தபோது, அவற்றை அகற்றாது கிடந்தபடியே விட்டுவிடுமாறு மந்திரி ஹான்ஸ் ஐசென்மான் தீர்மானித்தார். பின்னர் வண்டு பெருகி, மலையுச்சிகளில் மரங்கள் வெள்ளெலும்புகளென நின்ற காலத்தில், தலைமுறை தலைமுறையாக அக்காட்டைத் தம் வீட்டு முற்றமாகக் கருதிய சுற்றுவட்டார மக்கள் கொண்ட துக்கம் நியாயமானதே. எனினும், பட்ட மரங்களின் இடையே இளங்கன்றுகள் தாமே தழைத்தன. மடிந்த மரத்தையே நம்பி வாழும் அரிய பூச்சியினங்களும் பெருகின.

அண்டையிலுள்ள குடியானவர் காடுகளைக் காக்கும்பொருட்டு, எல்லைப்புறத்தில் மட்டும் வண்டை அடக்கும் பணி தொடர்ந்தது. அங்கே பிறந்ததுதான் புதிய யுக்தி: பட்டையை முழுதும் உரிக்காமல், கைப்பொறியால் ஒடுங்கிய வரிகளாகக் கீறிவிடுவது. கீறிய பட்டை உலர, அச்சுக்காரனின் புழுக்கள் மாள்கின்றன. எஞ்சிய பட்டையோ மற்ற ஜீவன்களுக்கு வீடாக நிலைக்கின்றது. முற்றும் உரித்த மரங்களில் காளான்களும் வண்டினங்களும் குளவிகளும் குன்ற, கீறிய மரங்களில் அவை குன்றவில்லை என்பதை 2016-இல் வெளியான ஆராய்ச்சி புலப்படுத்திற்று. கீறுவதற்கு ஆகும் செலவும் குறைவே.

ஒரு பகைவனை ஒடுக்க ஊரையே கொளுத்தத் தேவையில்லை என்பதை உணர இருநூறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. வனங்களைப் பேணும் பொறுப்பேற்றோர், ஒரு பட்டையை உரிக்குமுன் அதனுள் யார் யார் வாழ்கின்றனர் என்று வினவுவார்களாக.