உங்க மொபைல் நம்பர் ‘இன்ட்’டுக்குள்ள அடங்குமா? சி மொழியில் எண்களின் எல்லையைக் கண்டுபிடிப்பது இப்படித்தான்!

கடலூர் பின்கோடு 607001. சிதம்பரம் 608001. முதலாம் ஆண்டு சி லேபில் ‘மாணவர் விவரத்துக்கு ஒரு புரோகிராம் எழுது’ என்றால், கை தானாகவே ‘இன்ட் பின்கோடு’ என்று டைப் செய்யும். அடுத்த வரியில் ‘இன்ட் மொபைல்’. முதல் வரி ஓடிவிடும். ரெண்டாவது காலை வாரும்.

சும்மா 9876543210 என்று அதில் போட்டுப் பாருங்க. ஜிசிசி கம்பைலரில் வெளியே வருவது 1286608618. மைனஸ் குறிகூட இல்லை, பார்க்க மொபைல் நம்பர் மாதிரியே பத்து இலக்கம். அதுதான் ஆபத்து. கம்பைலர் வார்னிங் கொடுக்கும். ஆனா, அதை யார் படிக்கிறா? அவுட்புட் வந்ததும் ரெக்கார்டு நோட்டை எடுத்துவிடுவோமே!

காரணம் எளிது. இன்றைய கம்ப்யூட்டர், மொபைல்களில் ‘இன்ட்’டுக்கு 4 பைட், அதாவது 32 பிட் இடம். பிளஸ்ஸா மைனஸா என்று சொல்ல ஒரு பிட் போய்விடும். மீதி 31 பிட்டில் அடங்கும் பெரிய எண் 2147483647. நம்ம ஊர் மொபைல் நம்பர்கள் 6, 7, 8, 9-ல் தொடங்குபவை. ஒன்றுகூட உள்ளே போகாது. மைனஸே வேண்டாம் என்று ‘அன்சைன்டு’ போட்டாலும் 4294967295 வரைதான்.

இந்த எல்லை எல்லா இடத்திலும் ஒன்றல்ல. ‘இன்ட்’ குறைந்தது 32767 வரை தாங்கணும் என்பதுதான் சி தரநிலையின் கறார். கல்லூரி லேப்களில் பல வருடம் கோலோச்சிய அந்த நீலத்திரை டர்போ சி-யில் உச்சமே அதுதான். அங்கே கடலூர் பின்கோடு 17177 ஆகிவிடும். ‘லாங்’ இன்னும் குழப்பம்: 64 பிட் லினக்ஸில் 8 பைட், விண்டோஸில் 4 பைட்.

அதனால் மனப்பாடம் வேண்டாம், கம்பைலரிடமே கேளுங்க. புரோகிராமின் தலையில் ‘லிமிட்ஸ்.ஹெச்’ ஃபைலை இன்க்ளூட் செய்து, ‘இன்ட்_மேக்ஸ்’, ‘இன்ட்_மின்’ இரண்டையும் கேப்பிடல் எழுத்தில் போட்டு பிரின்ட் செய்தால் போதும். ‘லாங்’குக்கும் ‘லாங் லாங்’குக்கும் இதேபோல பெயர்கள் உண்டு. பைட் எவ்வளவு என்று மட்டும் தெரியணும்னா ‘சைஸ்ஆஃப்’.

ஒன்று ஒன்றாகக் கூட்டி, மைனஸ் வரும் வரை லூப் ஓட்டும் குறுக்கு வழியை சீனியர்கள் சொல்வாங்க. கேட்காதீங்க. எல்லை தாண்டினால் என்ன நடக்கும் என்று சி தரநிலை எந்த உத்தரவாதமும் தரவில்லை. கம்பைலர் அந்த லூப்பை முடிவே இல்லாமல் ஓடவிடலாம்.

லேபில் மார்க்தான் போகும். 1996 ஜூன் 4-ல் ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட், 16 பிட்டுக்குள் அடங்காத எண்ணை அதில் திணிக்கப்போய், கிளம்பிய சுமார் 40 நொடிகளில் வெடித்துச் சிதறியது.

சரி, மொபைல் நம்பருக்கு ‘லாங் லாங்’ போடலாமா? 19 இலக்கம் வரை போகும், 12 இலக்க ஆதார் எண்ணே அடங்கும். ஆனா, போன் நம்பரை யாரும் கூட்டிக் கழிக்கப்போவதில்லையே! எழுத்து வரிசையாக, ‘கேரக்டர் அரே’யில் வைப்பதே நல்லது. நம்பலைன்னா, கடலூரின் எஸ்டிடி கோடு 04142-ஐ ‘இன்ட்’டில் அப்படியே எழுதி பிரின்ட் செய்யுங்க. 2146 வரும். சிதம்பரத்தின் 04144 போட்டால் 2148. முன்னால் பூஜ்ஜியம் இருந்தால் சி அதை எட்டின் அடிமான எண்ணாக எடுத்துக்கொள்ளும்.