எராஸ்மஸ் திட்டத்தின் வரலாறு

1958இல் சோஃபியா கொர்ராதி என்ற இத்தாலிய சட்ட மாணவி அமெரிக்காவிலிருந்து ரோமுக்குத் திரும்பினார். ஃபுல்பிரைட் உதவித்தொகையில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒப்பீட்டுச் சட்டம் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றிருந்தார். அங்கே படித்ததைத் தம் இத்தாலியப் படிப்பில் சேர்த்துக்கொள்ளும்படி ரோம் பல்கலைக்கழகத்தில் கேட்டார். அலுவலகத்தில் அவருக்குக் கிடைத்தது ஏளனம்தான்.

பின்னர் இத்தாலியப் பல்கலைக்கழகத் தலைவர்களின் அமைப்புக்கு ஆலோசகரான கொர்ராதி, 1969இல் ஒரு குறிப்பு எழுதினார். முன்கூட்டியே ஒப்புதல் பெற்று வெளிநாட்டில் படித்த பாடங்களைச் சொந்தப் பல்கலைக்கழகம் ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம். எளிய கோரிக்கைதான். ஆனால் அது ஐரோப்பா முழுவதும் நடைமுறைக்கு வர ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின.

முதல் படியாக, 1976இல் ஐரோப்பியச் சமூகம் கூட்டுப் படிப்புத் திட்டங்களுக்குச் சிறு நிதி வழங்கத் தொடங்கியது. ஒரு நாட்டின் துறை மற்றொரு நாட்டின் துறையோடு பேசிப் பாடங்களை ஒப்பிட்டு மாணவர்களை அனுப்பியது. பெரும்பாலும் பேராசிரியர்களின் தனிப்பட்ட நட்பே இவற்றைத் தாங்கி நின்றது.

பெரிய திட்டத்துக்கான முன்மொழிவு 1986இல் வந்தபோது உறுப்பு நாடுகள் தயங்கின. ரோம் ஒப்பந்தத்தில் உயர்கல்விக்குத் தெளிவான இடமில்லை. பணம் எவ்வளவு என்பதிலும் உடன்பாடில்லை. நிதி மிகவும் வெட்டப்பட்டதால், ஐரோப்பிய ஆணையம் தன் முன்மொழிவையே அவ்வாண்டின் இறுதியில் திரும்பப் பெற்றது. மாணவர் அமைப்பினர் பிரெஞ்சு அதிபர் மித்தராங்கைச் சந்தித்து வலியுறுத்தினர். கடைசியில் 1987 ஜூன் 15 அன்று திட்டம் ஏற்கப்பட்டது. முதல் ஆண்டில் 11 நாடுகளைச் சேர்ந்த 3,244 மாணவர்கள் பயணமானார்கள்.

திட்டத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் எராஸ்மஸ் என்று அமையும்படி பார்த்துக்கொண்டார்கள். ராட்டர்டாமில் பிறந்த எராஸ்மஸ் என்ற அறிஞர் பாரிசில் படித்தவர், கேம்பிரிட்ஜில் கற்பித்தவர், பாசலில் இறந்தவர்.

பரிமாற்ற மாணவர் சென்ற இடத்தில் கல்விக் கட்டணம் செலுத்துவதில்லை. சொந்தப் பல்கலைக்கழகத்தில் மட்டும் வழக்கம்போல் செலுத்துவார். உதவித்தொகையோ வெளியூர் வாழ்க்கையின் கூடுதல் செலவை ஓரளவே ஈடுகட்டும். வசதியற்ற வீட்டுப் பிள்ளைகள் பின்தங்கியதற்கு இது ஒரு காரணம்.

பணத்தைவிடக் கடினமானது மதிப்பெண். புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையொப்பமிட ஒரு பிற்பகல் போதும். பார்சலோனாவில் படித்த பொருளியல் பாடம் ஹைடல்பெர்க்கில் எந்தப் பாடத்துக்கு ஈடு என்று தீர்மானிக்க ஆண்டுகள் ஆகலாம். இதற்காக 1989இல் மதிப்பலகு மாற்று முறை சோதனையாகத் தொடங்கியது. ஓராண்டு முழுநேரப் படிப்பு 60 மதிப்பலகுகள். வகுப்பில் உட்கார்ந்த நேரம் மட்டுமல்ல, வீட்டில் படிப்பது, தேர்வுக்குத் தயாராவது என மாணவரின் மொத்த உழைப்பும் இதில் அடங்கும். புறப்படும் முன்பே எடுக்கவிருக்கும் பாடங்களை மாணவரும் இரு பல்கலைக்கழகங்களும் எழுத்தில் ஒப்புக்கொள்ளும் வழக்கமும் வந்தது. கொர்ராதி கேட்டது இதைத்தான்.

1997ஆம் ஆண்டின் லிஸ்பன் உடன்படிக்கை இன்னும் ஒரு படி சென்றது. வெளிநாட்டுத் தகுதியை ஏற்க மறுக்கும் நிறுவனமே, அதில் கணிசமான வேறுபாடு இருப்பதைக் காட்ட வேண்டும். அதுவரை நிரூபிக்கும் சுமை மாணவர் தலையில் இருந்தது. 1999இல் 29 நாடுகளின் அமைச்சர்கள் வெளியிட்ட போலோனா அறிக்கை பட்டங்களின் கட்டமைப்பையே நாடுகளிடையே ஒப்பிடத்தக்கதாக மாற்ற வழிவகுத்தது.

சிக்கல்கள் தீர்ந்துவிடவில்லை. ஆங்கிலத்தின் ஈர்ப்பால் பிரிட்டனுக்கு வந்தவர்கள் அதிகம், அங்கிருந்து சென்றவர்கள் குறைவு. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறிய பின் அந்நாடு 2021இல் தொடங்கிய டூரிங் திட்டம் முக்கியமாக வெளியே செல்லும் தன் மாணவர்களுக்கே உதவியது.

2004இல் தொடங்கிய எராஸ்மஸ் முண்டுஸ், பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் முதுகலைப் படிப்புகளை இந்தியா உள்ளிட்ட பிற நாட்டு மாணவர்களுக்கும் திறந்துவிட்டது. ஒரே படிப்பை இரண்டு, மூன்று நாடுகளில் மாறி மாறிப் படித்து முடிக்கிறார்கள்.

'எராஸ்மஸின் அன்னை' என்று இத்தாலியர் அழைத்த கொர்ராதிக்கு 2016இல் ஐரோப்பாவுக்கான ஐந்தாம் சார்லஸ் விருது வழங்கப்பட்டது.